மாற்றி வைக்கப்பட்ட பற்றரி: பரந்தன் கடையொன்றுக்குத் திரும்பிவந்த பொதி

காலபோக (மாரிகால நெல்) விதைப்பு முடிந்து களை தலைகாட்டும் நாட்களில், இலங்கையின் வடக்கே, வன்னியில், பரந்தன் பக்கத்திலுள்ள விவசாயக் கருவிக் கடையொன்று இணையச் சந்தை வழியாக ஒரு மருந்துத் தெளிகருவியை விற்றது. ஆறாம் நாள், "பற்றரியில் சார்ஜ் நிற்கவில்லை, பழுதான பொருள்" என்று வாங்கியவர் முறைப்பாடு செய்தார். பொதி திரும்பிவந்தது. அவர் கொடுத்த பணமும் முழுதாக அவருக்கே போய்விட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தால், தெளிகருவி கடை அனுப்பியதுதான். பற்றரி மட்டும் கடை அனுப்பியதல்ல.

கடையைக் கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். இணைய விற்பனை முழுவதும் மனைவியின் பொறுப்பு. நான் அவரை அக்கா என்றே அழைப்பேன். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். முதல் மேன்முறையீடு நிராகரிக்கப்பட்ட பின், இரண்டாவதை அவரோடு சேர்ந்து எழுதினேன். இணையச் சந்தையின் பெயரையும் வாங்கியவரின் ஊரையும் விட்டுவிடுகிறேன். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீட்டில் இருந்தபடியே பொருள் விற்கும் பலர் இதே அநியாயத்தைச் சந்தித்துவிட்டு, "போனால் போகட்டும்" என்று இருந்துவிடுகிறார்கள். அப்படி விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்று உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இந்த விவகாரத்தை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

தொகை சிறியது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. தெளிகருவியின் விலை 14,500 ரூபா. கொள்விலை, சந்தையின் தரகு, பெட்டி, ஒட்டுநாடா எல்லாம் போக அக்காவின் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 900 ரூபா. ஒரு கருவி முழுதாகப் போனால் அந்த இழப்பை ஈடுசெய்ய இன்னும் பதினைந்து கருவிகள் விற்க வேண்டும். ஒரு போகத்தில் அந்த வகையில் அவர் விற்பதே அவ்வளவுதான்.

பருவத்துக்கு மட்டும் ஒரு பொருள்

முதுகில் சுமக்கும் இந்தத் தெளிகருவியில் 16 லீற்றர் தொட்டியும் சிறு மோட்டரும் உண்டு. அடியில் 12 வோல்ட், 8 அம்பியர்-மணி அளவுள்ள ஈய அமிலப் பற்றரி இருக்கும். மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பற்றரிக்கே போகிறது. கழற்றுவது சுலபம், நான்கு திருகாணிகளும் இரண்டு கம்பிகளும்தான்.

இரணைமடுக் குளத்தின் கீழோ முத்தையன்கட்டுக் குளத்தின் கீழோ வயல் செய்பவருக்கு விதைத்துச் சில வாரங்களுக்குள் களைநாசினி அடித்தாக வேண்டும். அந்தச் சில நாட்களுக்குத் தெளிகருவி இல்லாமல் முடியாது. பிறகு அது கொட்டிலில் கிடக்கும். உடுப்பு விற்பவர்கள் கல்யாணத்துக்கு அணிந்துவிட்டுத் திருப்பி அனுப்பப்படும் சேலைகளைப் பற்றிப் புலம்புவார்கள். வன்னியில் அதே ஆசை தெளிகருவி மீதும், கோயில் திருவிழாக் காலத்து மின்விளக்குகள் மீதும், மழைக்காலத்து நீர்ப்பம்பிகள் மீதும் எழுகிறது. திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் இருக்கும்போது ஆறாம் நாள் வரும் முறைப்பாட்டைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பே. ஆனால் சந்தேகம் சாட்சியாகாது. அக்காவின் முதல் மேன்முறையீடு தோற்றதற்கு இந்த இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்காததே காரணம்.

முதல் மேன்முறையீடு

வாங்கியவர் முதலில் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, பற்றரி அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை" என்றார். "தம்பி, இரவு முழுவதும் சார்ஜில் போட்டுப் பாருங்கள்" என்று அக்கா சொன்னார். மறுநாளும் அழைப்பு வந்தது. வேறொரு பற்றரி அனுப்பிவைப்பதாக அக்கா முன்வந்தார். அவர் அதை ஏற்கவில்லை, பணம்தான் வேண்டும் என்றார். இவை எல்லாம் வாய்ப்பேச்சாகவே நடந்தன. மாற்றுப் பற்றரி தர முன்வந்ததும் அவர் மறுத்ததும் சந்தையின் உரையாடல் பகுதியில் எழுத்தாக இருந்திருந்தால் அதுவே பெரிய பலம். எழுத்தில் இல்லாததால், முடிவெடுக்கும் அலுவலரைப் பொறுத்தவரை அந்த அழைப்புகள் நடக்கவே இல்லை.

பெட்டி திரும்பிவந்து பற்றரி மாறியிருப்பதைக் கண்ட அன்றிரவே அக்கா நீண்ட மேன்முறையீடு ஒன்றை எழுதினார். வாங்கியவர் கள்ளர், வயல் முழுவதும் மருந்தடித்து முடித்துவிட்டுத் திருப்பியிருக்கிறார், தொட்டிக்குள் தண்ணீர் நிற்கிறது, இடப்பெயர்வுக்குப் பிறகு ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கட்டியெழுப்பிய கடை இது என்றெல்லாம் எழுதினார். ஒவ்வொரு சொல்லும் மனதிலிருந்து வந்தது. படிக்கும்போது எனக்கும் நெஞ்சு கனத்தது. இரண்டு நாளில் நிராகரிப்பு வந்தது: அனுப்பிய நிறையும் திரும்பிய நிறையும் ஒன்றே, பொருள் மாறியதற்கு ஆதாரம் இல்லை.

அந்த அலுவலரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நாளில் எத்தனையோ பிணக்குகளை அவர் பார்க்க வேண்டியிருக்கும். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்கிறார்கள். யார் நல்லவர் என்று கண்டுபிடிக்க அவரிடம் வழி கிடையாது. அவரால் சரிபார்க்கக்கூடியது ஒன்றுதான்: போன பொருளும் வந்த பொருளும் ஒன்றா? மேன்முறையீடு அந்தக் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். ஆளைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் பொருளைப் பற்றிய வரி அதற்குள் புதைந்துவிடுகிறது.

"தொட்டிக்குள் தண்ணீர்" என்ற வாதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல விற்பனையாளர்கள் இதை நம்பியிருக்கிறார்கள். பல தெளிகருவிகளைத் தொழிற்சாலையிலேயே தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்த பின்பே பெட்டியில் அடைப்பதுண்டு. புதிய கருவியின் தொட்டியிலும் துளிகள் நிற்கலாம். மருந்தின் வாடை, வடிகட்டியில் படிந்த கறை, தோள்பட்டியில் வியர்வை உப்பு ஆகியவை பயன்பாட்டுக்கான அறிகுறிகள்தான். ஆயினும் "பழுதா என்று பார்க்க ஒருமுறை அடித்துப் பார்த்தேன்" என்று வாங்கியவர் சொன்னால் அவையும் நீர்த்துப்போகும்.

ஒரே நிறை என்ற குழப்பம்

நிராகரிப்புக் கடிதத்தில் "நிறை ஒன்றே" என்ற சொற்கள் என்னை உறுத்தின. திரும்பிவந்த பற்றரியைக் கையில் எடுத்தாலே அது இலேசாக இருந்தது. கடைத் தராசில் வைத்தோம்: 1.6 கிலோ. அதே வகையில் கடையில் இருந்த புதிய தெளிகருவியின் பற்றரி 2.4 கிலோ. ஈய அமிலப் பற்றரியின் கொள்ளளவு உள்ளே இருக்கும் ஈயத்தைப் பொறுத்தது. மேலே எட்டு என்று அச்சடித்துவிட்டு ஈயத்தைக் குறைத்துச் செய்யும் மலிவுச் சரக்கை நிறையே காட்டிக்கொடுக்கும். அப்படியானால் பொதியின் நிறையும் ஏறத்தாழ 800 கிராம் குறைந்திருக்க வேண்டுமே?

குறைந்துதான் இருந்தது. அலுவலர் பார்த்தது கூரியர் கட்டணத்துக்கான நிறையை. பெரிய பெட்டிகளுக்குக் கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்வது பரவலான வழக்கம். உண்மை நிறை அதைவிடக் குறைவானால் அந்த எண்ணுக்கே கட்டணம். இந்தப் பெட்டி 40, 23, 50 சென்ரிமீற்றர். கணக்குப் போட்டால் 9.2. பெட்டிக்குள் கல் இருந்தாலும் பஞ்சு இருந்தாலும் 9.2தான். போகும்போதும் வரும்போதும் அதே பெட்டி, அதே எண்.

உண்மையான தராசு நிறை வேறொரு நிரலில் இருந்தது. கூரியரின் கிளிநொச்சிக் கிளையில் அக்கா நேரில் கேட்டு இரண்டு பொதிச் சீட்டுகளின் விவரத்தையும் அச்சிட்டு வாங்கினார். போகும்போது 6.9 கிலோ, வரும்போது 6.1 கிலோ. கூரியரின் தராசு விற்றவரின் தராசும் அல்ல, வாங்கியவரின் தராசும் அல்ல. அதனால்தான் அந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு.

வாங்கியவரே எடுத்த படம்

நிறையைவிட வலுவான ஆதாரம் முதல் நாளிலிருந்தே முறைப்பாட்டோடு இருந்தது. முறைப்பாடு செய்பவர் பழுதைக் காட்டும் படம் ஒன்றை இணைக்க வேண்டும் என்பது அந்தச் சந்தையின் விதி. அவர் அடிமூடியைக் கழற்றிப் பற்றரியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கோபத்தில் அந்தப் படத்தை யாரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பெரிதாக்கினால் பற்றரியின் பக்கவாட்டில் தொடரிலக்கத்தின் கடைசி ஐந்து எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. அவை கடையின் உத்தரவாத அட்டையில் எழுதப்பட்டிருந்த இலக்கத்தோடு பொருந்தின. திரும்பிவந்த பற்றரியிலோ வேறு நிறுவனத்தின் இலக்கம்.

அதாவது முறைப்பாடு செய்த நேரத்தில் மூலப் பற்றரி கருவிக்குள்ளேதான் இருந்தது. படம் எடுத்த பிறகு, பொதி கட்டுமுன் அது மாற்றப்பட்டிருக்கிறது. கடைதான் பொய்ப் பற்றரியை அனுப்பியது என்று அவர் இனிச் சொல்ல முடியாது. அவருடைய படமே அதை மறுக்கிறது. பொய்யான முறைப்பாடுகளில் இது அடிக்கடி நடப்பதாகவே நினைக்கிறேன். பொய் சொல்பவர் ஒவ்வொரு கட்டத்திலும் எதையாவது எழுதவோ படமெடுத்து அனுப்பவோ வேண்டியிருக்கிறது. அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஆகவே நம் ஆதாரங்களைத் தேட ஓடுமுன் அவர் அனுப்பியவற்றை ஆறுதலாக, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மேன்முறையீட்டை ஆங்கிலத்தில் அனுப்பினோம். அதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்:

"திரும்பிவந்த பொதியில் உள்ள பற்றரி, நாங்கள் அனுப்பிய பற்றரி அல்ல. படம் 1: அனுப்பிய பற்றரியின் இலக்கம் உள்ள உத்தரவாத அட்டை. படம் 2: வாங்கியவர் முறைப்பாட்டோடு இணைத்த படம், அதே இலக்கம் தெரிகிறது. படம் 3: திரும்பிவந்த பற்றரி, வேறு இலக்கம். கூரியர் பதிவின்படி உண்மை நிறை 6.9 கிலோவிலிருந்து 6.1 கிலோவாகக் குறைந்துள்ளது. உங்கள் முதல் முடிவில் குறிப்பிட்ட 9.2 கிலோ, பெட்டியின் அளவிலிருந்து கணக்கிடப்பட்ட கட்டண நிறை. பொருளின் விலையை எங்களுக்கு ஈடுசெய்யுமாறு கேட்கிறோம்."

வாங்கியவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "மோசடி" என்ற சொல்லை அக்கா சேர்க்கச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன், நெடுநேரம் பேசினோம். ஏமாற்றப்பட்டவர் அந்தச் சொல்லைச் சொல்ல விரும்புவதில் முழு நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கடிதத்தைப் படிப்பவர் தானாகவே அந்த முடிவுக்கு வருவது, நாம் சொல்லி அவர் தயங்குவதைவிட மேலானது. நான்காம் நாள் விற்பனையாளர் பாதுகாப்பு நிதியிலிருந்து 14,500 ரூபாவும் கடையின் கணக்குக்கு வந்தது. இருவழிக் கூரியர் கட்டணம் மட்டும் திரும்பவில்லை.

ஊருக்குள் எழுந்த யோசனைகள்

வாங்கியவரும் வன்னிக்காரர்தான். அதனால் இந்த விவகாரத்தில் இன்னொரு பக்கம் இருந்தது. அக்காவின் மைத்துனர் அந்த ஊரில் பெண் எடுத்தவர். "நான் போய் அந்த ஊர்க் கமக்காரர் அமைப்பில் கேட்கிறேன்" என்று புறப்பட்டார். வாங்கியவரின் படத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் முகநூலில் போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர்.

இரண்டையும் தடுத்ததில் எனக்குத் திருப்தி. வீடு தேடிப் போனால் நாளைக்கு அது மிரட்டல் என்று பொலிஸில் முறைப்பாடாகும். முகநூலில் போடுவது அதைவிட ஆபத்து. குற்றவியல் அவதூறு இலங்கையில் 2002இல் நீக்கப்பட்டது உண்மை. ஆனால் நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போட எந்தத் தடையும் கிடையாது. வாடிக்கையாளரின் இலக்கம் பொருளை ஒப்படைப்பதற்காக விற்பனையாளருக்குத் தரப்படுகிறது; அதை ஊருக்குக் காட்டினால் சந்தை முதலில் மூடுவது நம் கடையைத்தான். பற்றரியை மாற்றியது அவரா, அவருக்குப் பொதி கட்டிக்கொடுத்த வேறொருவரா என்பதற்கும் நம்மிடம் சான்று இல்லை. பொருள் மாறியதைத்தான் நிரூபித்தோம்.

சந்தை மறுத்திருந்தால் சட்ட வழி இருந்தது. ஏமாற்றுதலை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு வரையறுக்கிறது. அதன்படி பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். பணத்தை மட்டும் கேட்பதென்றால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. இருவரும் நேரில் இருந்து பேச வேண்டும். இத்தகைய சிறு பிணக்குக்கு அது மிகவும் பொருத்தமான இடம் என்பது என் எண்ணம். உரையாடல்களும் படங்களும் மின்னணுப் பதிவுகள் என்பதற்காகவே ஒதுக்கப்பட மாட்டா; 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் அவற்றுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது.

உண்மையான பழுதும் உண்டு

இந்த நிகழ்வுக்குப் பின் அக்கா எல்லா முறைப்பாட்டையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவாரோ என்று கவலைப்பட்டேன். அதே போகத்தில் ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர் அதே குறையைச் சொன்னார். ஈய அமிலப் பற்றரி சும்மா கிடந்தாலும் மெல்ல மெல்லச் சார்ஜை இழக்கும். மாதக்கணக்கில் சார்ஜ் செய்யாமல் வெக்கையான களஞ்சியத்தில் கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டுவிடும். கடையின் இருப்பே பழையது என்றால் தவறு கடையுடையது.

இப்போது அக்கா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சந்தையின் உரையாடல் பகுதியில் எழுதுகிறார்: "சிரமத்துக்கு வருந்துகிறோம். பற்றரியின் இலக்கம் தெரியும்படி ஒரு படமும், பச்சை விளக்கு வரும்வரை சார்ஜ் செய்தபின் கருவி ஓடும் சிறு வீடியோவும் அனுப்புங்கள். பழுதென்றால் எங்கள் செலவில் மாற்றித்தருகிறோம்." யாரையும் குற்றம் சொல்லாத கேள்வி இது. ஒட்டுசுட்டான்காரர் அன்று மாலையே அனுப்பினார். மல்டிமீற்றர் வைத்து 9 வோல்ட் காட்டும் படத்தையும் சேர்த்திருந்தார். மறுநாள் புதிய பற்றரி பஸ்ஸில் போனது. நேர்மையானவருக்கு இந்தக் கேள்வியால் நட்டமில்லை. திருப்பும்போது பொருளை மாற்ற எண்ணியவருக்கு, இலக்கம் பதிவாகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

மற்றப் பொய்கள்

"பொதி வெறுமையாக வந்தது" என்ற முறைப்பாட்டுக்கும் கூரியரின் உண்மை நிறையே பதில். "பொதி கிடைக்கவே இல்லை" என்பது வன்னியில் சிக்கலானது. உள்ளூர்களுக்குள் போகாமல், "சந்திக்கு வந்து வாங்குங்கள்" என்று கூரியர்காரர் அழைப்பதும், அயல்வீட்டுக்காரர் கையெழுத்திட்டு வாங்கிவைப்பதும் நடக்கிறது. அப்போது ஒப்படைப்புப் பதிவில் உள்ள கையெழுத்து வாங்கியவருடையதாக இராது. விலை கூடிய பொருளுக்கு, யாரிடம் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே வாங்கியவரிடம் எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது.

"பாதிப் பணத்தைத் திருப்பித் தாருங்கள், இல்லையென்றால் ஒரு நட்சத்திரம் போடுவேன்" என்பது மிரட்டல். அதற்குத் தனிப்பட்ட இலக்கத்தில் பேரம் பேசக் கூடாது. பேச்சைச் சந்தையின் உரையாடலுக்கே இழுத்து, மிரட்டலை அங்கேயே எழுத வைக்க வேண்டும். ஈபே போன்ற பன்னாட்டு இணையச் சந்தைகளில் இது வெளிப்படையான விதிமீறல். அப்படி இடப்பட்ட கருத்தை நீக்கும்படி விற்பவர் கேட்கலாம்.

பனையோலைக் கைப்பணியை வெளிநாட்டுக்கு விற்பவர்கள் இன்னும் சில விதிகளை அறிந்திருக்க வேண்டும். ஈபேயில் முறைப்பாடு வந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் பதில் தேவை, மௌனம் தோல்வியாகும். 750 டொலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள பொதிக்குக் கையெழுத்துப் பெற்ற ஒப்படைப்பு வேண்டும். தடமறி இலக்கம் மட்டும் போதாது. ஓலைப் பெட்டிகள் மாரிகால ஈரத்தில் உண்மையாகவே பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்பும் பெட்டிகளை வெயிலில் உலர்த்தி, ஈரமுறிஞ்சிப் பொட்டலம் வைத்து, அதைப் படமெடுக்காமல் அனுப்பினால் பூஞ்சண முறைப்பாட்டைப் பொய் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

கடையின் இப்போதைய நடைமுறை

பொதி கட்டுவதை வெட்டில்லாத ஒரே வீடியோவாகக் கடையில் வேலை செய்யும் தம்பி எடுக்கிறார்: ஓடர் சீட்டு, பற்றரி இலக்கம், தராசின் எண், பெட்டி ஒட்டப்படுவது. பற்றரி மூடியின் ஒரு திருகாணிமேல் கடையின் முத்திரைத்தாள் ஒட்டப்படுகிறது. கிழிக்காமல் கழற்ற முடியாது. ஆனால் "முத்திரை கிழிந்தால் திருப்பி எடுக்கமாட்டோம்" என்று அக்கா எழுதவில்லை. பழுதைப் பார்க்க மூடியைத் திறப்பது வாங்கியவரின் உரிமை என்று அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். முத்திரை திறந்ததைக் காட்டினால் போதும்.

திரும்பிவரும் பெட்டியும் வீடியோ ஓடும்போதே திறக்கப்படுகிறது, கையுறை அணிந்து. தொட்டியில் என்ன மருந்து எஞ்சியிருக்கிறது என்று தெரியாது. திறந்து பார்க்குமுன் கையெழுத்துக் கேட்கும் கூரியர்காரரின் சீட்டில் "உள்ளே பரிசோதிக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுத்தான் அக்கா ஒப்பமிடுகிறார்.

வீடியோக்கள் ஆறு மாதம் வைக்கப்படுகின்றன. உள்ளூர்ச் சந்தையின் கெடு சில வாரங்கள்தான். ஆனால் கடனட்டையால் செலுத்தியவர் தன் வங்கி மூலமாகவும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். விசா அட்டைகளில் அதற்கான கெடு பொதுவாக 120 நாட்கள்.